முகம் பார்க்காத வைத்தியம்

வக்கீலாக நான் நடத்திய ஒரு வழக்கு சமரசத்தில் முடிந்தது. பெயர்களையும் தொகையையும் வெளியிடுவதில்லை என்று இரு தரப்பும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். ஆகவே அவை இங்கே வராது. கட்சிக்காரரின் சம்மதத்தோடு, அவரை அடையாளம் காட்டாமல், மற்றதை எழுதுகிறேன். கைபேசியில் யாரோ சொன்ன உணவு, உடற்பயிற்சி ஆலோசனையைப் பின்பற்றி உடம்பைக் கெடுத்துக்கொண்ட பிள்ளைகள் எங்கள் கடற்கரையில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அதற்குச் சட்டத்தில் வழி உண்டு என்று தெரிந்து படியேறியவர்கள் மிகச் சிலர். அந்தச் சிலரில் ஒருவன் என் கட்சிக்காரரான இந்தத் தம்பி.

ஊர் தங்கச்சிமடம். வயது 23. பட்டப்படிப்பை முடித்துவிட்டுக் காவலர் தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருந்தான். அப்பா அடுத்தவர் விசைப்படகில் பங்குக்குப் போகிறவர். கடலுக்குப் போன மனிதர் கரைக்கு வருவாரா, இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போகுமா என்று விடிய விடியக் காத்திருக்கும் வீடுகள் அங்கே அதிகம். பிள்ளை ஒரு காக்கிச் சட்டை போட்டுவிட்டால் போதும் என்று அந்த வீடுகள் நினைப்பதில் வியப்பில்லை.

உடல்திறன் தேர்வில் 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடியாக வேண்டும். இவனுக்கு அரை நிமிடம் கூடுதலாக ஆகிக்கொண்டிருந்தது. இடுப்பில் கொஞ்சம் சதையும் இருந்தது. அந்த அரை நிமிடத்தைக் குறைக்க வழி தேடித்தான் கைபேசியைத் திறந்தான்.

லட்சக்கணக்கானவர்கள் பின்தொடரும் ஒருவர் அதில் கிடைத்தார். கட்டான உடம்பு, தெளிவான தமிழ், பரிவான பேச்சு. ஒவ்வொரு வீடியோவையும் “தம்பிகளா” என்று கூப்பிட்டுத்தான் ஆரம்பிப்பார். போலீஸ் தேர்வுக்குப் போகிறவர்களுக்கென்றே தனி வீடியோக்கள் போட்டிருந்தார். 30 நாளில் தொப்பை கரையும், மூச்சு இரட்டிப்பாகும் என்று ‘பர்சனல் பிளான்’ ஒன்றைக் காசுக்கு விற்றார். கூடவே ஒரு பவுடரையும் வாங்கச் சொன்னார். 2024 மே மாதம் அது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அப்பா வருமானமில்லாமல் வீட்டில் இருந்தார். தடைக்கால நிவாரணமாக அரசு கொடுத்த 8000 ரூபாயில் பாதிக்கு மேல் அந்தப் பிளானுக்கும் பவுடருக்கும் போயிற்று.

பிளான் 12 பக்கக் கோப்பாக வாட்ஸப்பில் வந்தது. அதிகாலையில் வெறும் வயிற்றில் பவுடர் இரண்டு கரண்டி. பிறகு ஓட்டம், தண்டால், பஸ்கி, மறுபடி ஓட்டம். சோறு கூடாது. உப்பைக் குறைத்துவிட வேண்டும். ஓட்டப் பரீட்சைக்கு முன் இரண்டு நாள் ‘வாட்டர் கட்’, அதாவது தொண்டை நனைகிற அளவுக்கு மட்டும் தண்ணீர். ஒன்பதாம் பக்கத்தில் ஒரு வரி: உடம்பு வலித்தால் வலி மாத்திரை ஒன்று போட்டுக்கொண்டு தொடரவும், நிறுத்தினால் பலன் கிடைக்காது.

மே மாதத்து ராமேஸ்வரம் தீவைத் தெரிந்தவர்களுக்கு இதன் ஆபத்து புரியும். விடிவதற்கு முன்பே காற்றில் ஈரம் கனத்துக் கிடக்கும். வியர்வை வழியும், ஆனால் காயாது. வியர்வை காய்ந்தால்தான் உடம்பின் சூடு இறங்கும். அந்தப் புழுக்கத்தில் சோறு, உப்பு, தண்ணீர் மூன்றையும் சுருக்கிக்கொண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை பயிற்சி மையம் வைத்த மாதிரி ஓட்டத்தில் ஓடினான். அன்றைக்கு 7 நிமிடத்துக்குள் முடித்தும்விட்டான். முடித்த இடத்திலேயே விழுந்தான்.

தொடை இரண்டும் இறுகி, காலை மடக்க முடியவில்லை. சிறுநீர் கருங்காப்பி நிறத்தில் போனது. ராமேஸ்வரம் அரசு மருத்துவமனை, அங்கிருந்து 108 வண்டியில் ராமநாதபுரம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, அதற்கும் மேலே மதுரை. மருத்துவர்கள் எழுதிய நோயின் பெயர் ராப்டோமயோலிசிஸ். தாங்க முடியாத உழைப்பிலும் சூட்டிலும் தசை நார்கள் சிதைந்து, அவற்றிலிருக்கும் மயோகுளோபின் என்ற புரதம் ரத்தத்தில் கலந்துவிடும். அது சிறுநீரகத்துக்குள் போய் அதன் நுண்குழாய்களை அடைத்துக் கெடுக்கும். உடம்பில் தண்ணீர் நிறைய இருந்தால் ஓரளவு கழுவிக்கொண்டு போகும். இவன் உடம்பில் தண்ணீர் இல்லை. வலி மாத்திரையும் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கக் கூடியது. டயாலிசிஸ் செய்ய வேண்டியதாயிற்று. உயிர் பிழைத்தான், சிறுநீரகமும் மெல்ல மெல்லத் தேறியது. தேர்வுக் கனவு தள்ளிப்போனது.

அப்பா என்னைப் பார்க்க வந்தபோது மஞ்சள் பையில் மருத்துவமனைச் சீட்டுகளும் பவுடர் டப்பாவும் வைத்திருந்தார். காவல் நிலையம் ஒன்றுக்குப் போய், “அவனா வாங்கிக் குடிச்சதுக்கு நாங்க என்ன பண்றது” என்ற பதிலோடு திரும்பியவர் அவர். என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்:

“வக்கீலய்யா, டாக்டரு தப்புப் பண்ணுனா டாக்டரு மேல கேசு போடலாம். இதுல யாரு மேல போடுறது?”

மிகச் சரியான கேள்வி அது. வழக்கே அந்தக் கேள்விக்குப் பதில் தேடியதுதான்.

மருத்துவர் மேல் வழக்குப் போடும் பாதை தெளிவாக இருக்கிறது. இந்திய மருத்துவச் சங்கம் எதிர் வி.பி.சாந்தா வழக்கில் 1995 நவம்பரில் உச்ச நீதிமன்றம் மருத்துவ சேவையை நுகர்வோர் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. ஆனால் அதே தீர்ப்பில், எல்லோருக்கும் முழுக்க இலவசமாகக் கொடுக்கும் சேவை இந்தச் சட்டத்துக்குள் வராது என்றும் சொல்லியிருக்கிறது. இலவசமாக வீடியோ பார்த்தவன் நுகர்வோர் ஆவானா என்று எதிர்த்தரப்பு கேட்கும் என்பது எனக்கு முதல் நாளே தெரியும். இன்னொரு பாதை, தேசிய மருத்துவ ஆணையச் சட்டம் 2019, பிரிவு 34. பதிவு பெறாமல் மருத்துவம் பார்ப்பவருக்கு ஒரு வருடம் வரை சிறை, 5 லட்சம் வரை அபராதம். ஆனால் ‘நான் மருத்துவம் பார்க்கவில்லை, உடற்பயிற்சிதான் சொல்லிக்கொடுத்தேன்’ என்று அவர் நழுவிக்கொள்வார்.

ஆர்டர் படிவம் ஒன்றைப் பார்த்தபோதுதான் எனக்கு வழி பிடிபட்டது. பிளான் வாங்க நிரப்ப வேண்டிய படிவம் அது. பெயர், வாட்ஸப் எண், முகவரி, பணம் கட்டிய விவரம். அவ்வளவுதான். வயது கேட்கவில்லை. எடை கேட்கவில்லை. ஏதாவது நோய் உண்டா, மாத்திரை சாப்பிடுகிறாயா, எந்த வெயிலில் ஓடுகிறாய், எதையும் கேட்கவில்லை. எந்த மருத்துவரும், ஊரில் நல்ல ஆசான் யாரும், கேட்காமல் வாயைத் திறக்கமாட்டார்கள். உடம்பைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்காமல் கொடுத்ததை ஆலோசனை என்று ஏற்றுக்கொண்டு வாதாடினால், அவர் விரித்த பாயில் நாம் போய் உட்கார்ந்ததாக ஆகிவிடும். அது ஒரு வியாபாரம். அந்த வீடியோக்கள் அதற்கான விளம்பரம். அப்படியே வாதாடுவது என்று முடிவு செய்தேன்.

அதற்குச் சட்டம் துணை நின்றது. 1954-ஆம் வருடத்து மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் சட்டம், விளம்பரம் என்பதற்குள் ஒளி, ஒலி, புகை வழியாகச் சொல்லப்படும் எதையும் சேர்த்திருந்தது. நீரிழிவு, புற்றுநோய், உடல் பருமன் உள்ளிட்ட 54 நோய்களையும் உடல்நிலைகளையும் பட்டியலிட்டு, இவற்றைக் குணமாக்கும் மருந்து என்று விளம்பரம் செய்வதே குற்றம் என்றது. 2019-ஆம் வருடத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அந்த வரையறையோடு இணையத்தையும் சேர்த்துக்கொண்டது. பொய்யான விளம்பரத்துக்குத் துணைபோகும் பரிந்துரையாளருக்கும் பிரிவு 21-ன் கீழ் 10 லட்சம் ரூபாய் வரை, மறுபடியும் செய்தால் 50 லட்சம் வரை தண்டத் தொகை உண்டு. ஒரு வருடம் வரை எதையும் பரிந்துரைக்கக் கூடாது என்று தடையும் போடலாம். மீண்டும் செய்தால் மூன்று வருடம் வரை. தண்டத் தொகை விதிக்கும் அதிகாரம் டெல்லியில் இருக்கும் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு. பாதிக்கப்பட்டவனுக்கு இழப்பீடு கொடுக்கும் அதிகாரம் மாவட்ட ஆணையத்துக்கு. அங்கே ஒரு புகார் அனுப்பினோம். இங்கே, ராமநாதபுரத்தில், வழக்குத் தொடுத்தோம்.

முதல் எதிர்மனுதாரர் அந்தப் பிரபலம். இரண்டாமவர் பவுடரை விற்ற வட இந்திய நிறுவனம். வீடியோவைத் தாங்கிய தளத்தைச் சேர்க்கவில்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் பிரிவு 79 அவர்களுக்குப் பாதுகாப்புக் கொடுக்கிறது; அவர்களோடு மோதப் போனால் பையனுக்கு வயதாகிவிடும்.

எதிர்த்தரப்பின் முதல் ஆட்சேபணை, நாங்கள் ராமநாதபுரத்தில் வியாபாரம் செய்யவில்லை என்பது. 1986-ஆம் வருடத்துப் பழைய சட்டமாக இருந்தால் அது கடினமான ஆட்சேபணை. புதிய சட்டத்தின் பிரிவு 34, புகார்தாரர் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம் என்கிறது. தங்கச்சிமடத்து மீனவர் டெல்லிக்கு ரயில் ஏற வேண்டியதில்லை. கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் இருந்தால் மனுக் கட்டணமும் கிடையாது. இந்த இரண்டு விதிகளும் இல்லையென்றால் அந்த மஞ்சள் பை வீட்டுப் பரணிலேயே கிடந்திருக்கும்.

அடுத்த ஆட்சேபணை நான் எதிர்பார்த்தது. வீடியோ இலவசம், பார்த்தவர் நுகர்வோர் இல்லை, பவுடருக்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லை என்று பிரபலத்தின் வக்கீல் எழுதிக் கொடுத்தார். பிளான் காசுக்கு வாங்கியது என்பதால் பாதி ஆட்சேபணை அங்கேயே விழுந்தது. மீதிப் பாதிக்குப் பவுடர் பில்லே பதில் சொன்னது. விலைக்குக் கீழே, 10 சதவீதத் தள்ளுபடி என்ற வரியில், கூப்பன் கோடு அச்சாகியிருந்தது. அந்தக் கோடு பிரபலத்தின் சேனல் பெயரேதான். வீடியோவில் அவரே அந்தக் கோடைப் போட்டு வாங்கச் சொல்கிறார். அந்தக் கோடு வழியாக எத்தனை விற்பனை, அதில் அவருக்கு எவ்வளவு என்ற கணக்கைத் தாக்கல் செய்ய உத்தரவிடுமாறு மனுப் போட்டோம். 2022 ஜூனில் வெளியான தவறான விளம்பரத் தடுப்பு வழிகாட்டு நெறிமுறைகளின்படி, பரிந்துரைப்பவருக்கும் விற்பவருக்கும் பணத் தொடர்பு இருந்தால் அதை வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும். அவர் எந்த வீடியோவிலும் சொல்லவில்லை. அந்த மனுவுக்குப் பிறகு ‘சம்பந்தமில்லை’ என்ற சொல் அவர்கள் வாதத்திலிருந்து காணாமல் போயிற்று.

‘பர்சனல் பிளான்’ விஷயம் அதைவிட வேதனையானது. கோப்பின் முதல் பக்கத்தில் என் கட்சிக்காரர் பெயர் பெரிய எழுத்தில் இருந்தது. ஏழாம் பக்கத்தில், உற்சாகப்படுத்தி எழுதிய ஒரு வாக்கியத்தில், வேறு யாரோ ஒரு தம்பியின் பெயர் இருந்தது. மாற்ற மறந்திருக்கிறார்கள். பையனின் நண்பர்கள் மூலம் விசாரித்ததில் பரமக்குடிப் பக்கம் அதே பிளானை வாங்கிய இன்னொருவர் கிடைத்தார். எடையிலும் வயதிலும் இவனுக்கும் அவருக்கும் எந்தப் பொருத்தமும் இல்லை. அவர் சைவம் வேறு. இரண்டு கோப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஆணையத்தில் தாக்கல் செய்தோம். பெயரைத் தவிர எழுத்துக்கு எழுத்து ஒன்று. சைவக்காரருக்கும் தினம் ஆறு முட்டை எழுதியிருந்தது.

இதே மாதிரியான வழக்கு அமெரிக்காவில் நடந்திருக்கிறது. பிரிட்டனி டான் என்ற உடற்பயிற்சிப் பிரபலம், ஆளுக்கேற்ற தனிப்பட்ட திட்டம் என்று விற்றுவிட்டு, எல்லோருக்கும் ஏறத்தாழ ஒரே திட்டத்தையே அனுப்பினார் என்று டெக்சஸ் மாநில அரசுத் தலைமை வழக்கறிஞர் 2022-ல் வழக்குத் தொடுத்தார். உணவை ஒதுக்கும் மனநோய் இருந்த பெண்களும் அதில் ஏமாந்தவர்கள். 2023-ல் 4 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டு அவர் வழக்கை முடித்துக்கொண்டார். ஆஸ்திரேலியாவில் பெல் கிப்சன், உணவாலேயே மூளைப் புற்றுநோயை வென்றேன் என்று செயலியும் புத்தகமும் விற்றார். அவருக்குப் புற்றுநோயே இருந்ததில்லை. 2017-ல் நீதிமன்றம் 4,10,000 ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. இந்த இரண்டையும் என் எழுத்துவாதத்தில் சேர்த்தேன். அயல்நாட்டு வழக்குகள் நம் ஆணையத்தைக் கட்டுப்படுத்தாது. ஆனால் இந்த வியாபாரம் எங்கே நடந்தாலும் ஒரே அச்சில்தான் நடக்கிறது என்பதைக் காட்ட உதவும்.

பொறுப்புத் துறப்பு ஒன்று போட்டிருக்கிறோமே என்றார்கள். உண்மைதான். வீடியோ முடியும் இடத்தில், கீழே, பொடி எழுத்தில், மருத்துவரை ஆலோசிக்கவும் என்று ஆங்கிலத்தில் ஒரு வரி இரண்டு விநாடி வந்து போகிறது. நான் நெறிமுறையை எடுத்து வாசித்தேன். துறப்பு வாசகம், விளம்பரம் எந்த மொழியில் பேசுகிறதோ அதே மொழியில் இருக்க வேண்டும். எடுப்பாகக் கண்ணில் பட வேண்டும். குரலில் சொன்ன விஷயத்துக்கு அந்தக் குரல் ஒலிக்கும்போதே வர வேண்டும். தம்பிகளா என்று தமிழில் கூப்பிட்டவர், எச்சரிக்கை செய்யும்போது மட்டும் ஏன் ஆங்கிலத்துக்குப் போனார் என்று கேட்டேன். பதில் வரவில்லை.

பவுடரைப் பொறுத்தவரை சிக்கல் இருந்தது. திறந்து பயன்படுத்திய டப்பாவை ஆய்வுக்கு அனுப்பினால், உள்ளே நீங்களே எதையாவது கலந்தீர்கள் என்பார்கள். நல்ல வேளையாக, ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று கொடுத்ததில் இரண்டாவது டப்பா மூடி உடையாமல் இருந்தது. அதே தொகுப்பு எண். பிரிவு 38-ன்படி ஆணையம் அதை முத்திரையிட்டு ஆய்வகத்துக்கு அனுப்பியது. லேபிளில் காஃபின் அளவே குறிப்பிடவில்லை. ஆய்வில் ஒரு கரண்டிக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் இருந்தது. பிளான் சொன்னதோ இரண்டு கரண்டி. ஆரோக்கியமான பெரியவர்களுக்கு ஒரு வேளைக்கு 200 மில்லிகிராம், ஒரு நாளைக்கு 400 வரை கவலையில்லை என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015-ல் சொல்லியிருக்கிறது. இவன் விடிவதற்கு முன்பே, வெறும் வயிற்றில், அதைத் தாண்டிக்கொண்டிருந்தான்.

வழக்குத் தொடுத்த வாரமே வீடியோ நீக்கப்பட்டது. பையனின் கைபேசியில் தரவிறக்கம் செய்து வைத்திருந்தது எங்களைக் காப்பாற்றியது. பாரதிய சாக்ஷிய அதினியம் பிரிவு 63 கேட்கும் சான்றிதழை, கோப்பின் ஹாஷ் மதிப்போடு, நிபுணர் கையெழுத்தும் வாங்கித் தாக்கல் செய்தோம். நுகர்வோர் ஆணையத்தில் சாட்சியச் சட்டம் முழுக் கண்டிப்போடு பொருந்தாது என்றாலும், நாளை மேல்முறையீட்டில் யாரும் குறை சொல்ல இடம் வைக்கக் கூடாது.

அவர்கள் தரப்பில் வலுவான வாதம் ஒன்று இருந்தது, அதை மறைக்க மாட்டேன். வலி வந்தும் நிறுத்தாமல் ஓடியது பையன்தான், வெயிலில் ஓடியதும் அவன்தான், ஆயிரக்கணக்கானவர்கள் இதே பிளானில் நன்றாக இருக்கிறார்கள் என்றார்கள். நன்றி சொல்லி எழுதிய பின்னூட்டங்களைக் கட்டுக்கட்டாக அச்செடுத்துக் கொடுத்தார்கள். விழுந்தவன் எழுதிய பின்னூட்டம் அதில் எங்கே என்று நான் கேட்டேன். மருத்துவமனையிலிருந்து பையனின் அக்கா எழுதியதை ஒரு மணி நேரத்துக்குள் நீக்கிவிட்டு, அவரைத் தடையும் செய்திருந்தார்கள். அதன் திரைப்பிடிப்பு எங்களிடம் இருந்தது. கெட்ட செய்தியை எடுத்துவிட்டு நல்ல செய்தியை மட்டும் எண்ணினால் எந்த விஷமும் அமிர்தம்தான். வலி வந்தும் ஏன் நிறுத்தவில்லை என்பதற்கு ஒன்பதாம் பக்கமே சாட்சி. வலி மாத்திரை போட்டுக்கொண்டு தொடரச் சொன்னவர், தான் மருத்துவம் பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. படிக்காத மருத்துவ முறையில் மருந்து கொடுப்பதே கவனக்குறைவுதான், தனியாக நிரூபிக்க வேண்டியதில்லை என்று பூனம் வர்மா வழக்கில் 1996-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியாயிற்று. அதில் குற்றம் சாட்டப்பட்டவர் ஆங்கில மருந்து எழுதிய ஒரு ஹோமியோபதி மருத்துவர். அவராவது ஒரு மருத்துவம் படித்திருந்தார்.

ஆய்வறிக்கை வந்த பிறகு நிறுவனம் இறங்கி வந்தது. ஆணையம் வழக்கைச் சமரசத்துக்கு அனுப்பியது. அதற்கு முன்பே வக்கீல்களுக்குள் கடிதப் போக்குவரத்து தொடங்கிவிட்டது. பணத்தில் பெரிய இழுபறி இல்லை. மருத்துவச் செலவு, இழப்பீடு இரண்டுக்கும் தலையாட்டினார்கள். முட்டுக்கட்டை போட்டது எங்கள் மனுவின் கடைசிக் கோரிக்கை. அது பையன் வற்புறுத்திச் சேர்த்தது. அந்தப் பிரபலம் தன் முகத்தைக் காட்டி, தமிழில், நான் மருத்துவரோ உணவியல் நிபுணரோ இல்லை, வாட்டர் கட் ஆபத்தானது, என் பிளானில் இருப்பவர்கள் அதைச் செய்ய வேண்டாம் என்று சொல்லி, அதைத் தன் பக்கத்தின் உச்சியில் வைக்க வேண்டும்.

முடியாது என்று பதில் வந்தது. தொகையைக் கூட்டித் தருகிறோம், இதை விட்டுவிடுங்கள் என்றார்கள். பையனைக் கூப்பிட்டுக் கேட்டேன். அப்பாவுக்குக் கடன் இருந்தது. கூடுதல் தொகை அவருக்குப் பெரிய உதவி. பையன் அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னான்: “சார், எங்க சென்டர்லயே நாலு பேரு இன்னும் அத ஃபாலோ பண்றாங்க. நான் சொன்னா நம்ப மாட்டேங்குறாங்க. அவரு சொன்னாத்தான் நம்புவாங்க.” அப்பா மறுபேச்சுப் பேசவில்லை.

பணத்தைக் கொடுக்கத் தயங்காத ஒருவர், நான் படிக்காதவன் என்ற ஒரு வரியைச் சொல்ல அவ்வளவு தயங்கினார். இந்த வழக்கில் நான் மிகத் தெளிவாகக் கற்றுக்கொண்டது அதுதான். அவர் விற்றது பவுடரும் இல்லை, பிளானும் இல்லை. அவருக்குத் தெரியும் என்று பிள்ளைகள் வைத்த நம்பிக்கையைத்தான் காசாக்கிக்கொண்டிருந்தார். கடைசியில் சொன்னார். வாசகத்தில் ஒவ்வொரு சொல்லுக்கும் பேரம் நடந்தது. ஆனாலும் தமிழில், தன் முகத்தோடு, சொன்னார்.

தீர்ப்பு எழுதப்படவில்லை. அதில் எனக்கு வருத்தம் உண்டு. எழுதப்பட்டிருந்தால் வேறு ஊர் வக்கீல்களுக்குப் பயன்பட்டிருக்கும். சமரசம் முடிந்த பிறகு, 2025 ஜூலையில், குமரி மாவட்டம் குளச்சல் பக்கம் 17 வயதுப் பையன் ஒருவன் இறந்துபோன செய்தி வந்தது. கல்லூரியில் சேருவதற்கு முன் மெலிய வேண்டும் என்று யூடியூப் பார்த்து, மூன்று மாதம் பழச்சாறு மட்டும் குடித்திருக்கிறான். 2026 ஜனவரியில் மதுரையில் ஒரு கல்லூரி மாணவி, உடம்பு மெலிய வெங்காரம் சாப்பிடலாம் என்று வீடியோ பார்த்து, நாட்டுமருந்துக் கடையில் வாங்கிச் சாப்பிட்டு உயிரை விட்டாள். 2018-ல் திருப்பூரில் யூடியூப் பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்த்ததில் ஒரு தாய் இறந்த பிறகாவது விழித்திருக்க வேண்டிய நாம், இன்னும் ஒவ்வொரு சாவையும் தனித்தனிச் செய்தியாகத்தான் படித்துக்கொண்டிருக்கிறோம்.

விதிகள் இல்லாமல் இல்லை. 2023 ஆகஸ்டில் நுகர்வோர் விவகாரத் துறை, உடல்நலம் பற்றிப் பேசும் பிரபலங்களுக்கென்றே கூடுதல் நெறிமுறை வெளியிட்டது. தகுதி இருந்தால் அதைச் சொல்ல வேண்டும். நிபுணர் போலப் பேசினால், இது மருத்துவ ஆலோசனைக்கு மாற்று இல்லை என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். தண்ணீர் குடியுங்கள், நன்றாகத் தூங்குங்கள், உடற்பயிற்சி செய்யுங்கள் என்ற பொதுவான பேச்சுக்கு மட்டும் விலக்கு. பதஞ்சலி விளம்பர வழக்கில் 2024 மே 7 அன்று உச்ச நீதிமன்றம், தவறான விளம்பரத்துக்குப் பிரபலங்களும் சமூக ஊடகத்தில் செல்வாக்கு உள்ளவர்களும் சம பொறுப்பாளிகள் என்றது. விதி டெல்லியில் இருக்கிறது, வீடியோ தங்கச்சிமடத்தில் ஓடுகிறது. இரண்டுக்கும் நடுவே ஆளில்லை.

இந்தப் பிள்ளைகளைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. உடலியக்கம் படித்த பயிற்சியாளரோ உணவியல் நிபுணரோ அந்தத் தீவில் எத்தனை பேர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறார்கள்? அரசு மருத்துவமனை வெளிநோயாளி வரிசையில் நின்று, ஓட்டத்தில் அரை நிமிடம் குறைக்க வழி என்ன என்று கேட்க முடியுமா? அவர்கள் மொழியில், அவர்கள் கனவைப் பற்றி, தம்பி என்று கூப்பிட்டுப் பேச ஒருவர் வந்தால் கேட்கத்தான் செய்வார்கள். தமிழில் நல்ல மருத்துவர்கள் பலர் இதே தளங்களில் பொறுப்போடு பேசவும் செய்கிறார்கள். அவர்களையும் இவர்களையும் பிரித்துக் காட்டுவது பெரியவர்களான நம் கடமை. அதற்கு என்னிடம் ஒரே அளவுகோல்தான் இருக்கிறது. உன்னைப் பற்றி எதுவும் கேட்காமல் உன் உடம்புக்கு அளவு சொல்கிறவர், பேச்சின் முடிவில் எதையாவது வாங்கச் சொன்னால், நீ கேட்டுக்கொண்டிருந்தது விளம்பரம். சோப்பு விளம்பரத்தை எவ்வளவு நம்புவாயோ அவ்வளவு நம்பு.

ஏற்கனவே பாதிக்கப்பட்டவர்களுக்கு என் தொழில் முறையில் சில வார்த்தைகள். டப்பாவைத் தூக்கிப் போடாதீர்கள். தொகுப்பு எண் அதில்தான் இருக்கிறது. பில், பணம் கட்டிய ரசீது, வாட்ஸப் உரையாடல் எதையும் அழிக்காதீர்கள். வீடியோவை உடனே தரவிறக்கம் செய்து, இணைப்பையும் தேதியையும் குறித்து வையுங்கள். மருத்துவரிடம் என்ன சாப்பிட்டோம் என்பதை ஒளிக்காமல் சொல்லி, அதை மருத்துவமனைச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். எங்கள் வழக்கில் காரணத்தையும் விளைவையும் இணைத்துக் காட்டியது அந்த ஒரு குறிப்புதான். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம். வழக்குப் போட இரண்டு வருடம் அவகாசம் உண்டு.

உடம்பு கெடும் வரை காத்திருக்கவும் வேண்டாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 16, பொய்யான விளம்பரங்கள் பற்றி விசாரித்து மத்திய ஆணையத்துக்கு அறிக்கை அனுப்பும் அதிகாரத்தை மாவட்ட ஆட்சியருக்குக் கொடுத்திருக்கிறது. பலருக்கும் இது தெரியாது. திங்கள்கிழமை தோறும் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் கூட்டத்துக்கு ரோடு கேட்டும் பட்டா கேட்டும் போகிறோம். உங்கள் பிள்ளை பார்க்கும் ஒரு வீடியோ, படிக்காதவர் வாயிலிருந்து மருந்தும் பட்டினியும் சொல்லி, கூப்பன் கோடும் கொடுக்கிறது என்றால், அதன் இணைப்பை ஒரு தாளில் எழுதி, பிரிவு 16 என்று குறிப்பிட்டு, அந்தக் கூட்டத்தில் மனுவாகக் கொடுங்கள். எழுதத் தெரியவில்லையென்றால் வக்கீல்கள் நாங்கள் எழுதித் தருகிறோம். அதற்கு நான் காசு வாங்குவதில்லை.